ஆறு மாதக் கெடு யார் வைத்தது?

"ஆறு மாசத்துல என்ன தேறுதோ அவ்வளவுதான். அதுக்கப்புறம் எதுவும் வராது." தலையில் அடிபட்டு வீடு திரும்பியவரைப் பார்க்க வருகிறவர்கள் தவறாமல் சொல்லும் வாசகம் இது. சென்னையிலும் சொல்கிறார்கள், செகந்திராபாத்துக்கு வடகிழக்கே இருக்கும் சைனிக்புரியிலும் சொல்கிறார்கள். ஓய்வுபெற்ற படைவீரர்களுக்காக உருவான குடியிருப்பு அது. இப்படிப்பட்ட பகுதிகளில் பிள்ளைகள் வெளிநாட்டில் இருப்பார்கள். குளியலறையில் வழுக்கி விழுந்த கணவரை எழுபது வயது மனைவிதான் பார்த்துக்கொள்வார். அவர் காதில் இந்த வாசகம் விழுந்தால் என்ன ஆகும்? ஏழாவது மாதம் பிசியோதெரபிஸ்ட் நிறுத்தப்படுவார். பேச்சுப் பயிற்சி நின்றுபோகும். மனிதர் தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார வைக்கப்படுவார்.

இந்தக் கெடு பொய். பொய் மட்டுமல்ல, தேறக்கூடியவரைத் தேறவிடாமல் செய்யும் பொய்.

செகந்திராபாத்தை ஒட்டிய ஹைதராபாத்திலேயே நடந்ததைப் பார்க்கலாம். 2024 டிசம்பர் 4 இரவு, சந்தியா திரையரங்கில் 'புஷ்பா 2' சிறப்புக் காட்சியின்போது நெரிசல் ஏற்பட்டது. ஒரு தாய் இறந்தார். மூச்சுத் திணறிய அவருடைய மகனுக்குப் பிராணவாயு கிடைக்காமல் மூளை பாதிக்கப்பட்டது. செகந்திராபாத் கிம்ஸ் மருத்துவமனையில் ஏறக்குறைய ஐந்து மாதம் இருந்த அந்தச் சிறுவன், 2025 ஏப்ரல் இறுதியில்தான் மறுவாழ்வு மையத்துக்கு மாற்றப்பட்டான். ஆறு மாதக் கணக்கை நம்பினால், பயிற்சி தொடங்கும்போதே அவனுக்கு மிச்சமிருந்தது ஒரே மாதம். உயிரைப் பிடித்து நிறுத்தவே செலவான ஐந்து மாதத்தையும் தேறுவதற்கான காலத்தில் கழிப்பது எந்த ஊர் நியாயம்?

கெடு வைப்பவர்கள் ஒன்றைச் சரியாகத்தான் பார்த்திருக்கிறார்கள். முதல் சில மாதங்களில் முன்னேற்றம் வேகமாக இருக்கும். வீக்கம் வடியும், இரத்தக் கசிவு கரையும், அதிர்ச்சியில் ஓய்ந்திருந்த பகுதிகள் விழிக்கும். அதன்பின் நடப்பது வேறு வேலை. பிழைத்த நரம்புகள் புதிய இணைப்புகளை உண்டாக்கிக்கொள்ள வேண்டும். அது பெரும்பாலும் மறுபடி மறுபடி செய்யும் பயிற்சியால்தான் நடக்கும், மெதுவாகத்தான் நடக்கும். வேகம் குறைந்ததை ஓட்டம் நின்றுவிட்டதாக எடுத்துக்கொள்வதுதான் தவறு. ஆய்வாளர்கள் ஆறாவது மாதத்தில் நோயாளிகளின் நிலையைப் பதிவுசெய்வது வழக்கம். அது கணக்கெடுக்கும் நாள், கதவடைக்கும் நாள் அல்ல.

அமெரிக்காவில் 18 மருத்துவமனைகளில் நடந்து 2021-இல் வெளியான ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டுகிறது. காயம்பட்டு இரண்டு வாரம் கழித்தும் சுயநினைவின் அறிகுறியே இல்லாதிருந்தவர்களில் 78 விழுக்காட்டினர் ஓராண்டுக்குள் சுயநினைவு பெற்றார்கள். விவரம் கிடைத்தவர்களில் நான்கில் ஒருவருக்கு, தான் யார், எங்கே இருக்கிறோம் என்ற தெளிவும் திரும்பியது. அதே நாட்டின் ஆர்கன்சா மாநிலத்தில் 1984-இல் விபத்தில் சிக்கிப் பேச்சிழந்த டெர்ரி வாலிஸ், 19 ஆண்டு கழித்து 2003-இல் "அம்மா" என்றார். அவர் எழுந்து நடக்கவில்லை, அபூர்வமான ஒருவர்தான். அவரைக் காட்டி எல்லாருக்கும் வாக்குறுதி கொடுக்கக் கூடாது. எல்லாரும் பழையபடி ஆகிவிடுவார்கள் என்று எந்த நேர்மையான மருத்துவரும் சொல்ல மாட்டார். ஆனால் அசையாமல் கிடக்கிறவருக்கு எதுவும் கேட்காது என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. கட்டளைக்கு உடம்பால் பதில் தராத 241 பேரைச் சோதித்து 2024-இல் வெளியான ஆய்வில், நான்கில் ஒருவரின் மூளை கட்டளைக்கு இணங்கி இயங்கியது. "இனி அவ்வளவுதான்" என்பதைக் கட்டிலருகே நின்று சொல்கிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் பலருக்கும் தெரிந்த உதாரணம் நடிகர் நாசரின் குடும்பம். 2014 மே மாதம் கிழக்குக் கடற்கரைச் சாலை விபத்தில் அவருடைய மூத்த மகன் தலையில் பலத்த காயம் அடைந்தார். நினைவு திரும்பியபோது அவர் சொன்ன பெயர் விஜய் என்று நாசர் பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். மகனுக்குப் பிடித்த நடிகரான விஜய்யின் பாடல்களையும் படங்களையும் அந்தக் குடும்பம் அவர் தேறுவதற்கான துணையாக்கிக்கொண்டது. ஆண்டுக்கணக்கில் அந்தத் துணையை அவர்கள் கைவிடவில்லை.

கெடுவுக்கு இன்னொரு கொடுமையும் உண்டு. பெரும்பாலும் கை கால் முதலில் தேறும். மறதி, சோர்வு, கோபம், தானாக எதையும் தொடங்க முடியாமை ஆகியவை பின்னால்தான் தெரியவரும். நெற்றிப் பக்க மூளை அடிபட்டால், குளிக்க வேண்டும் என்று தெரிந்தும் எழுந்து போக முடியாமல் ஆகலாம். "நல்லாத்தானே நடக்கிறான், வேணும்னே பண்றான்" என்று வீடு திட்டும். குடும்பத்துக்கு உதவி மிகவும் தேவைப்படும் அந்தச் சமயத்தில் எல்லாரும் விலகிவிடுகிறார்கள்.

அரசும் விலகுகிறது. சாலை விபத்தில் அடிபட்டவர்களுக்கான தமிழ்நாட்டின் 'இன்னுயிர் காப்போம்' திட்டம் முதல் 48 மணி நேரத்துக்கு. 2025-இல் வந்த ஒன்றிய அரசின் விபத்துச் சிகிச்சைத் திட்டம் 7 நாளுக்கு, ஒன்றரை லட்சம் ரூபாய் வரை. உயிர் காக்கும் நல்ல திட்டங்கள் இவை. ஆனால் எட்டாவது நாளிலிருந்து அந்தக் குடும்பத்துக்கு யார்? 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் மூளைக் காயம் தனிப் பெயரில் இல்லை. தமிழ்நாட்டின் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் வீட்டுக்கே பிசியோதெரபியைக் கொண்டுவந்தது. பேச்சுப் பயிற்சியும் நினைவாற்றல் பயிற்சியும் அதே வழியில் வர வேண்டும். தெலங்கானாவும் இதைச் செய்ய வேண்டும்.

வீட்டில் இருப்பவர்களுக்கு: ஒரு நேரத்தில் ஒரு கேள்வி கேளுங்கள். பதில் வரும்வரை பொறுங்கள். பேசும்போது தொலைக்காட்சியை அணையுங்கள். அன்றைய வேலைகளைப் பெரிய எழுத்தில் சுவரில் எழுதி ஒட்டுங்கள். சட்டைப் பொத்தானை அவரே போடட்டும், கால் மணி நேரம் ஆனாலும் போடட்டும். பார்த்துக்கொள்கிறவருக்கு வாரத்தில் ஒரு நாளாவது மாற்று ஆள் வேண்டும். உறவினர்கள் ஆறுதல் சொல்வதை விட்டு அந்த ஒரு நாளைக் கொடுங்கள். அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது, எப்போது சரியாகும் என்பதோடு, வரும் மூன்று மாதத்தில் எதைப் பழக்க வேண்டும் என்றும் கேளுங்கள். ஏழாவது மாதத்திலும் கேளுங்கள், மூன்றாவது ஆண்டிலும் கேளுங்கள்.