பேசுமுன் கேட்கும் தொலைபேசி



2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வீசியபோது, கண்டி மாவட்டத்தில் மண்சரிவுகள் பல உயிர்களைப் பறித்தன. மின்சாரமும் தொலைபேசித் தொடர்பும் பல ஊர்களில் அறுந்தன. மலைக்கு அப்பால் வாழ்க்கைப்பட்ட மகளின் குரலைக் கேட்க முடியாமல் எத்தனையோ உம்மாமார் தவித்தார்கள். கையிலே தொலைபேசி இருந்தும் ஏன் பேச முடியவில்லை?

கையடக்கத் தொலைபேசியை இயக்கியதும் அது பேசுவதில்லை, முதலில் கேட்கிறது. ஒவ்வொரு கோபுரமும் ‘நான் இன்ன நிறுவனத்தைச் சேர்ந்தவன்’ என்று வானலையில் ஓயாமல் அறிவித்துக்கொண்டிருக்கும். தொலைபேசி பல அலைவரிசைகளைத் துழாவி, தன் சிம் அட்டைக்குரிய நிறுவனத்தின் தெளிவான அலையைத் தெரிந்தெடுக்கும். அதன் பின்னரே ‘நான் வந்திருக்கிறேன்’ என ஒரு சிறு சமிக்ஞை அனுப்பும். ஒரே கணத்தில் பல தொலைபேசிகள் அழைத்தால் சமிக்ஞைகள் மோதிக்கொள்ளும். அப்போது சற்றுப் பொறுத்து மீண்டும் முயலும்.

கோபுரம் பதில் தந்ததும் சோதனை நடக்கும். 1995இல் ஜி.எஸ்.எம். முறையோடு நம் நாட்டுக்கு வந்த சிம் அட்டைக்குள் ஓர் இரகசிய எண் உண்டு. அது ஒருபோதும் வானலையில் அனுப்பப்படுவதில்லை. நிறுவனம் வேறோர் எண்ணை அனுப்பும். சிம் தன் இரகசியத்தைக் கொண்டு கணக்கிட்டு விடை சொல்லும். விடை சரியானால், நீங்கள் இருக்கும் பகுதி பதியப்படும். அப்போதுதான் உங்களை அழைப்பவருக்கு வழி திறக்கும்.

மலை இந்த அலைகளை மறைத்துவிடும். ஹந்தானை மலைச்சரிவிலும் மகாவலிப் பள்ளத்தாக்கிலும் முற்றத்தில் கிடைக்கும் சமிக்ஞை குசினியில் கிடைக்காமற் போவதுண்டு. மின்சாரம் நின்றால் கோபுரமும் தன் பெற்றரி தீரும்வரைதான் உழைக்கும். கோபுரம் மௌனமானால் தொலைபேசி விடாமல் தேடும். தேடித் தேடியே அதன் பெற்றரியும் தீர்ந்துவிடும்.

ஆகவே, அடைமழை தொடங்குமுன்பே தொலைபேசிக்கு மின்னேற்றி வையுங்கள். சமிக்ஞை அறவே இல்லையானால் அணைத்து வைத்து, இடையிடையே மட்டும் இயக்கிப் பாருங்கள். பேச முடியாவிட்டால் குறுஞ்செய்தி அனுப்புங்கள். அதற்குச் சிறிது வழி கிடைத்தாலும் போதும். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற இலக்கத்தைப் பிள்ளைகளுக்கும் மனனமாக்குங்கள்.

மகளின் தொலைபேசி பதில் தராவிட்டால் உடனே விபரீதத்தை எண்ணிக் கலங்காதீர்கள். மௌனமானது கோபுரமாகவும் இருக்கலாம். ஆனால், வீட்டுச் சுவரில் புதிதாக வெடிப்பைக் கண்டால் அழைப்பு வரும்வரை காத்திருக்க வேண்டாம். பிள்ளைகளை அழைத்துக்கொண்டு உடனே வெளியேறுங்கள்.