தொழுகை நேரம் சொல்ல நம் வீட்டு வாசல் எதற்கு?

எஸ்.ஐ.ஆர். படிவங்கள் வீடு வீடாக வந்த 2025 நவம்பரில், வலங்கைமான் வட்டாரத்து முஹல்லா ஒன்றின் வாட்ஸ்அப் குழுவில் நாள் முழுக்க அடையாள அட்டைகளாகவே வந்து விழுந்தன. வாக்காளர் அட்டை, ஆதாரின் முன்பக்கம், பின்பக்கம், பழைய பட்டியலில் அத்தாவின் பெயர் இருந்த பக்கம், மருமகளின் பாஸ்போர்ட் அளவுப் படம். "ஹஜ்ரத், இது சரியா இருக்கான்னு பாருங்க", "யாராவது பூர்த்தி பண்ணிக் கொடுங்க" என்று கூடவே வேண்டுகோள்கள். அந்தப் பதற்றத்தை நாம் குறை சொல்ல மாட்டோம். பட்டியலில் பெயர் விடுபட்டால் என்ன ஆகுமோ என்ற அச்சம் நம் வீடுகளில் எந்த அளவுக்கு இருந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்தக் குழுவில் முந்நூறுக்கும் மேற்பட்டவர்கள் இருந்தார்கள். அவர்களில் பலர் யார் என்று குழு நிர்வாகிக்கே சொல்லத் தெரியவில்லை.

ஒரு ஆதார் படம் குழுவில் விழுந்தால் என்ன நடக்கிறது? தானாகப் பதிவிறங்கும் வசதியைப் பெரும்பாலானோர் நிறுத்தி வைப்பதில்லை. எனவே படம் முந்நூறு கைபேசிகளின் கேலரிக்குள் போய் அமர்கிறது. அந்தக் கேலரியை கூகுள் போட்டோஸ் தன் சேமிப்பகத்துக்கு எடுத்துக்கொள்ளும்படி பலர் அமைத்திருக்கிறார்கள். அனுப்பியவர் மறுநாள் "அனைவருக்கும் நீக்கு" என்று அழுத்த முயன்றாலும், அந்த முந்நூறு பிரதிகளில் எத்தனை எங்கே இருக்கின்றன என்பது அவருக்குத் தெரியப்போவதில்லை. வலங்கைமானில் வெடி தயாரிக்கும் தொழிலைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். மருந்து முழுவதையும் ஒரே கொட்டகையில் குவித்து வைக்கக் கூடாது என்பது இங்கே சிறுபிள்ளைக்கும் தெரியும். காகிதங்கள் விஷயத்தில் மட்டும் ஏனோ மறந்துவிடுகிறோம்.

பெரிய தொழில்நுட்ப நிறுவனங்களின் செயலிகளை விட்டுவிட்டு, அந்தரங்கத்தை மதிக்கும் மாற்றுச் செயலிகளுக்குப் போக வேண்டும் என்ற பேச்சு சில ஆண்டுகளாகவே நடக்கிறது. அதை நகரத்து இளைஞர்களின் பொழுதுபோக்காக நாம் ஒதுக்கிவிடுகிறோம். உண்மையில் இந்த விவகாரத்தில் முதலில் அடிபட்டவர்களில் தொழுகையாளிகளும் உண்டு.

2020 நவம்பரில் மதர்போர்டு என்ற அமெரிக்க இணைய இதழ் ஒரு செய்தியை வெளியிட்டது. தொழுகை நேரமும் கிப்லா திசையும் காட்டும் 'முஸ்லிம் புரோ' செயலி, பயனர்கள் இருக்கும் இடத்தின் விவரத்தை எக்ஸ்-மோடு என்ற தரகு நிறுவனத்துக்குக் கொடுத்து வந்தது. அந்தத் தரகரின் வாடிக்கையாளர்களில் அமெரிக்க இராணுவத்துக்கு வேலை செய்யும் ஒப்பந்த நிறுவனங்களும் இருந்தன. அப்போது அந்தச் செயலி சுமார் 9 கோடியே 80 லட்சம் முறை பதிவிறக்கப்பட்டிருந்தது. செய்தி வெளியானதும் எக்ஸ்-மோடுடனான உறவை முறித்துக்கொள்வதாக நிறுவனம் அறிவித்தது. அடுத்த ஜனவரியிலேயே 'ஸலாத் ஃபர்ஸ்ட்' என்ற இன்னொரு தொழுகைச் செயலி, பிரான்ஸைச் சேர்ந்த பிரெடிசியோ என்ற நிறுவனத்துக்கு இதே விவரங்களை அனுப்பியது தெரியவந்தது. எக்ஸ்-மோடு மீது அமெரிக்க மத்திய வணிக ஆணையம் நடவடிக்கை எடுத்து, நுட்பமான இட விவரங்களை விற்கக் கூடாது என்று தடுத்தது 2024 ஜனவரியில்தான். வழிபாட்டுத் தலங்களுக்குப் போய்வருவதும் அந்த நுட்பமான விவரங்களில் அடங்கும்.

ஐந்து வேளையும் எந்தப் பள்ளிவாசலில் நிற்கிறோம், பஜ்ருக்கு எந்த வீட்டிலிருந்து கிளம்புகிறோம் என்பதை விற்பதற்கு அந்தச் செயலிகள் நம்மிடம் கேட்டது ஒரே ஒரு 'அனுமதி' பொத்தான். நாமும் யோசிக்காமல் அழுத்தினோம். செயலியின் பெயரில் முஸ்லிம் என்று இருக்கிறதே, பாங்கு சொல்கிறதே என்ற நம்பிக்கை.

மத்ரஸாவில் நேரக்கணிப்பை மேலோட்டமாகவேனும் படித்தவர்களுக்கு இதில் ஒரு வேடிக்கை புரியும். சூரியன் ஒரு பாகை தீர்க்கரேகையைக் கடக்க நான்கு நிமிடம் ஆகிறது. வலங்கைமானுக்கும் தஞ்சாவூருக்கும் இடையே உள்ளது ஏறத்தாழ கால் பாகை. அதாவது தொழுகை நேரத்தில் ஒரு நிமிட வேறுபாடு. வடக்கே இருக்கும் கும்பகோணத்துக்கும் நமக்கும் வித்தியாசமே இல்லை எனலாம். சென்னைக்குப் போனாலும் சில நிமிடங்கள்தான். கிப்லா திசையும் ஒரு மாவட்டத்துக்குள் கண்ணுக்குத் தெரியும்படி மாறாது. ஆகவே நாம் எந்தத் தெருவில், எந்த வீட்டில் இருக்கிறோம் என்பது ஒரு தொழுகைச் செயலிக்குத் தேவையே இல்லை. ஊர்ப் பெயரைக் கையால் தேர்ந்தெடுத்தால் போதும். இட அனுமதியை நிறுத்திவிட்டாலும் நேரம் பிசகாது. பள்ளியில் ஒட்டியிருக்கும் அச்சிட்ட நேர அட்டவணையைப் படம் எடுத்து வைத்துக்கொண்டாலும் சரி, அது யாருக்கும் எதையும் விற்பதில்லை.

"மறைக்க நம்மிடம் என்ன இருக்கிறது, ஹஜ்ரத்?" என்று கேட்பவர்கள் உண்டு. அந்நூர் அத்தியாயத்தின் 58ஆம் வசனத்தை அவர்களுக்கு நாம் நினைவூட்டுகிறோம். பஜ்ருக்கு முன், நண்பகல் ஓய்வில், இஷாவுக்குப் பின் என்று மூன்று வேளைகளைக் குறிப்பிட்டு, அந்நேரங்களில் வீட்டுக்குள்ளேயே வளையவரும் பணியாட்களும் பருவமடையாத பிள்ளைகளும்கூட அனுமதி கேட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்கிறது அது. அந்த வீட்டில் இருப்பவர்கள் குற்றம் எதுவும் செய்துகொண்டிருக்கவில்லை. இருந்தும் திரை தேவைப்படுகிறது. அதே மூன்று வேளைகளில் நம் தலைமாட்டில் கிடக்கும் கைபேசி யாரிடமும் எதுவும் கேட்பதில்லை. நாட்டின் சட்டமும் இதற்கு அந்நியம் அல்ல. அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது 2017 ஆகஸ்ட் 24 அன்று.

இனி வாட்ஸ்அப்புக்கு வருவோம். அதில் நாம் எழுதுவதை நிறுவனம் படிப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். அது சரியல்ல. செய்தியின் உள்ளடக்கம் இரு முனைகளுக்கும் இடையே பூட்டப்பட்டே போகிறது. நிறுவனத்துக்குத் தெரிவது உறைக்கு மேலே இருப்பது: யார் யாரோடு, எப்போது, எத்தனை முறை தொடர்புகொள்கிறார், எந்தக் குழுவில் இருக்கிறார், எந்தக் கைபேசி. ஃபேஸ்புக் நிறுவனம் 2014இல் வாட்ஸ்அப்பை வாங்கியது. தாய் நிறுவனத்தின் வருமானத்தில் மிகப்பெரும் பகுதி விளம்பரம். 2021 ஜனவரியில், விவரப் பகிர்வுக்கான புதிய விதிகளை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று வாட்ஸ்அப் அறிவிப்பு விடுத்தபோது எழுந்த சலசலப்பு நினைவிருக்கும். 'ஏற்காவிட்டால் வெளியேறு' என்ற அந்தப் போக்குக்காக இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் மெட்டா நிறுவனத்துக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. ஓராண்டு கழித்து மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதிசெய்தது. ஆனால் விளம்பரத்துக்காக விவரங்களைப் பகிர ஐந்தாண்டுகளுக்கு விதிக்கப்பட்டிருந்த தடையை நீக்கிவிட்டது. அபராதம் அவர்களுக்குச் சில்லறை. தடைதான் வலித்திருக்கும்.

மாற்று என்றதும் நம் வட்டாரத்தில் இப்போது முதலில் வரும் பெயர் அரட்டை. தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்திருக்கும் ஸோஹோ நிறுவனம் 2021இல் வெளியிட்ட செயலி. 2025 செப்டம்பர் இறுதியில் திடீரெனப் பதிவிறக்கப் பட்டியலின் உச்சிக்குப் போனது. நாளொன்றுக்கு 3,000ஆக இருந்த புதிய பதிவு, மூன்றே நாட்களில் 3,50,000 ஆனதாக ஸ்ரீதர் வேம்பு தெரிவித்தார். தமிழ்ப் பெயர், தமிழ்நாட்டு நிறுவனம். மகிழ்ச்சிதான். ஆனால் அந்த அலை அடித்த நேரத்தில் அரட்டையில் அழைப்புகளுக்கு மட்டுமே இருமுனைப் பூட்டு இருந்தது, எழுத்துச் செய்திகளுக்கு இல்லை. விமர்சனம் வந்தபோது அதைக் கொண்டுவரும் வேலை நடப்பதாகச் சொன்னார்கள். நம் நாட்டுச் செயலி என்பது ஒரு தகுதி, நம் கடிதத்தை யாரும் பிரிக்க முடியாது என்பது வேறு தகுதி. முஸ்லிம் புரோ விஷயத்தில் பெயரைப் பார்த்து ஏமாந்தவர்கள் இதை மறக்கக் கூடாது.

சிக்னல் இந்த இரண்டிலிருந்தும் வேறுபட்டது. அதை நடத்துவது இலாப நோக்கமற்ற ஓர் அறக்கட்டளை. 2018இல் அதற்கு 5 கோடி டாலர் கொடுத்துத் தொடங்கிவைத்தவர்களில் ஒருவர் வாட்ஸ்அப்பை உருவாக்கிய இருவரில் ஒருவரான பிரையன் ஆக்டன். விளம்பரம் கிடையாது, நன்கொடையில் ஓடுகிறது. 2016இல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று பயனர் விவரம் கேட்டபோது அவர்களால் கொடுக்க முடிந்தது கணக்கு தொடங்கிய நேரமும் கடைசியாக இணைந்த நாளும் மட்டுமே. வேறெதையும் அவர்கள் சேர்த்து வைக்கவில்லை. நம் பெண்மக்களுக்கு அதில் இன்னொரு வசதி: 2024 முதல், நம் எண்ணைத் தன் கைபேசியில் சேமித்து வைத்திராதவருக்கு அந்த எண் தெரியாது. சாதாரண வாட்ஸ்அப் குழுவில் சேர்ந்த மறுநிமிடம் அத்தனை பேருக்கும் எண் தெரிந்துவிடுகிறது. பெண்கள் மத்ரஸா குழுவில் சேர்ந்த பிறகு தெரியாத எண்களிலிருந்து தொல்லை வருவதாக ஒரு தாய் நம்மிடம் வந்து கண்கலங்கியது நடந்திருக்கிறது.

இங்கே ஒரு கேள்வியை நம் ஆட்கள் தயங்கித் தயங்கிக் கேட்பார்கள். "பூட்டுப் போட்ட செயலி வைத்திருந்தால் நம்மைச் சந்தேகப்பட மாட்டார்களா?" வெறும் பயம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. 2023 மே மாதம், ஜம்மு காஷ்மீரில் தீவிரவாதிகள் பயன்படுத்துவதாகச் சொல்லி 14 செயலிகளை ஒன்றிய அரசு முடக்கியது. பிரையர், எலிமெண்ட், திரீமா ஆகியவற்றோடு 'ஐமோ'வும் அதில் இருந்தது. வளைகுடாவில் வாட்ஸ்அப் அழைப்பு எடுக்காத காலத்தில் நம் சபராளிகள் பெற்ற பிள்ளையின் முகத்தைப் பார்த்தது அந்த ஐமோவில்தான். 2024 பிப்ரவரியில் சென்னையில் 13 தனியார் பள்ளிகளுக்கு வெடிகுண்டு மிரட்டல் மின்னஞ்சல் வந்ததை அடுத்து, அது அனுப்பப்பட்ட புரோட்டான் மெயில் சேவையையே முடக்கும் முயற்சி நடந்தது. எவனோ ஒருவன் செய்த காரியத்துக்குக் கதவுக்கே பூட்டு என்ற மனப்போக்கு இருக்கிறது. இருந்தாலும் சிக்னல் அந்த 14இல் இல்லை. நம் நாட்டில் சட்டப்படி எவரும் பயன்படுத்தலாம். ஐரோப்பிய ஆணையம் 2020இல் தன் ஊழியர்களை அதற்கு மாறும்படி சொன்னது. 2025 மார்ச்சில் அமெரிக்க அமைச்சர்களே யெமன் மீதான தாக்குதலை சிக்னல் குழுவில் பேசி, தவறுதலாக ஒரு பத்திரிகையாளரையும் அதில் சேர்த்து உலகத்தின் சிரிப்புக்கு ஆளானார்கள். முந்நூறு பேர் இருக்கும் முஹல்லா குழுவுக்கு அந்தச் சம்பவத்தில் தேவையான பாடம் இருக்கிறது. பூட்டு எவ்வளவு நல்லதாக இருந்தாலும் உள்ளே யார் உட்கார்ந்திருக்கிறார் என்று பார்க்க வேண்டும்.

எந்தப் பூட்டும் காப்பாற்றாத இடமும் ஒன்று உண்டு. 2021 ஜூலையிலும் 2022 ஜனவரி முதல் நாளிலும் முஸ்லிம் பெண்களின் படங்களை வைத்து 'ஏலம்' போட்ட கயவர்கள் அவற்றை எந்தக் கணக்கையும் உடைத்துத் திருடவில்லை. அந்தச் சகோதரிகள் சமூக ஊடகத்தில் வெளிப்படையாக வைத்திருந்த படங்கள் அவை. குற்றம் முழுக்க அந்தக் கயவர்களுடையது. பெண் பிள்ளைகளை ஊடகத்தை விட்டே விலக்குங்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. கணக்கைத் தெரிந்தவர்களுக்கு மட்டும் என்று மாற்றி வைக்க ஒரு நிமிடம் போதும். வரன் பார்க்கும் குழுக்களில் பெண்ணின் படத்தையும் பிறந்த தேதியையும் வீட்டு முகவரியையும் ஒன்றாகப் போடும் பழக்கத்தைத்தான் முதலில் விட வேண்டும்.

நாளைக்கே வாட்ஸ்அப்பை நீக்குங்கள் என்று எழுதினால் நீங்கள் சிரிப்பீர்கள். நாமே நீக்கவில்லை. மையித் அறிவிப்பு அதில் வருகிறது, பிள்ளைகளின் பள்ளி அதில் வீட்டுப்பாடம் அனுப்புகிறது. நம் வீட்டில் நடந்தது இவ்வளவுதான்: குடும்பக் குழுவை மட்டும் சிக்னலுக்கு மாற்றினோம். பதினான்கு பேர். ஒரு மாதம் பாதிப் பேர் பழைய குழுவிலேயே எழுதினார்கள். துபாயில் இருக்கும் தம்பி "இது எதுக்கு ராத்தா?" என்று நம் வீட்டாரிடம் அலுத்துக்கொண்டான். அங்கே வாட்ஸ்அப்பிலும் பேச முடியாது, சிக்னலிலும் பேச முடியாது, போட்டிம் போன்ற அனுமதி பெற்ற செயலிதான். அதனால் பேச்சு போட்டிமில், படமும் காகிதமும் சிக்னலில் என்று ஆனது. அதில் வரும் படங்கள் தாமாகக் கேலரிக்குள் போவதில்லை என்று தெரிந்த பிறகு தம்பியே தன் விசா நகலை அங்கே அனுப்பினான். வாட்ஸ்அப்பில் தானியங்கிப் பதிவிறக்கத்தை நிறுத்தினோம். காப்புப் பிரதிக்கும் பூட்டுப் போடும் வசதி 2021 முதல் அதில் இருக்கிறது, அமைப்புக்குள் போய் நாமாகத்தான் இயக்க வேண்டும்.

எஸ்.ஐ.ஆர். குழுவில் பிறகு ஒரு மாற்றம் வந்தது. ஜும்ஆவுக்குப் பின் பள்ளியின் வராந்தாவில் இரண்டு பட்டதாரிப் பிள்ளைகள் மேசை போட்டு உட்கார்ந்தார்கள். காகிதத்தைக் கையில் கொண்டுவந்து காட்டி, படிவத்தை நிரப்பி, காகிதத்தைக் கையோடு எடுத்துப்போனார்கள் மக்கள். குழுவில் ஏற்கெனவே விழுந்து கிடந்த அட்டைகளை அவரவர் கைபேசியிலிருந்து அழிக்கும்படி நிர்வாகி குரல்பதிவு போட்டார். எத்தனை பேர் அழித்தார்கள் என்று தெரியவில்லை. நம் கைபேசியில் மட்டும் நாற்பத்தொன்று இருந்தன.