சட்டத்தில் இல்லாத சமாதானக் கூட்டம்

கோயிலுக்குள் விடவில்லை, பொதுக் குழாயில் நீர் பிடிக்க விடவில்லை, சுடுகாட்டுப் பாதையை மறித்துவிட்டார்கள் என்று பட்டியல் சமூகத்தினர் புகார் கொடுத்ததும், வட்டாட்சியர் அலுவலகத்தில் இருதரப்பையும் உட்காரவைத்துத் தேநீர் கொடுத்து, இனி இவ்வாறு நடவாது என்று ஒரு தாளில் கையெழுத்து வாங்கி அனுப்பிவைக்கும் சமாதானக் கூட்டம் இந்த வாரமும் செய்தியாகியிருக்கிறது. அந்தத் தேநீராவது எல்லோருக்கும் ஒரே மாதிரிக் குவளையில் வழங்கப்பட்டிருக்கும் என்று நம்புவோமாக.

1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில், 2015ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பிறகு, வழிபாட்டிடம், மயானம், நீர்நிலை, பொதுப்பாதை ஆகியவற்றைப் பயன்படுத்தவிடாமல் தடுப்பது ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். அது இருதரப்பும் பேசி முடித்துக்கொள்ளத்தக்க குற்றங்களின் பட்டியலில் இல்லை. திருடனையும் பறிகொடுத்தவனையும் பக்கத்தில் பக்கத்தில் அமர்த்திக் கைகுலுக்கச் சொல்லாத அரசு நிர்வாகம், தீண்டாமை என்று வந்தால் மட்டும் ஊர்ப் பெரியவராக மாறிவிடுவது ஏன்?

இந்தக் கூட்டத்தால் பறிபோவது முதல் தகவல் அறிக்கை, அதாவது குற்றம் நடந்ததாகக் காவல் நிலையம் பதிவுசெய்து வழக்கைத் தொடங்கும் ஆவணம். பாதிக்கப்பட்டவருக்கு ஏழு நாளுக்குள் சேர வேண்டிய நிவாரணத்தின் முதல் தவணை, துணைக் கண்காணிப்பாளர் நிலைக்குக் குறையாத அதிகாரியின் விசாரணை, அறுபது நாளுக்குள் குற்றப்பத்திரிகை, சிறப்பு நீதிமன்றம் என எல்லாமே அந்த ஒற்றைத் தாளில் தொங்குகின்றன. அதற்குப் பதிலாகப் பல நிலையங்களில் கிடைப்பது சி.எஸ்.ஆர். எனப்படும் மனு ரசீது. மனு வந்து சேர்ந்தது என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. கைது செய்யத்தக்க குற்றத்தைத் தெரிவிக்கும் புகாரைப் பதிவுசெய்தே ஆக வேண்டும் என்று லலிதா குமாரி வழக்கில் 2013இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பிறகும் ரசீதுப் புத்தகங்கள் தீர்ந்தபாடில்லை. முதற்கட்ட விசாரணை தேவை என்று 2018 மார்ச்சில் வந்த தீர்ப்பைக் காட்டித் தட்டிக்கழிக்கவும் வழியில்லை. அதே ஆண்டு நாடாளுமன்றம் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் 18ஏ பிரிவைச் சேர்த்து அந்தத் தேவையை நீக்கிவிட்டது.

கடமையைப் புறக்கணிக்கும் அரசு ஊழியருக்கு, அவர் பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ அல்லாதவிடத்து, ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை என்கிறது 4ஆம் பிரிவு. ஆனால், நிர்வாக விசாரணை பரிந்துரைத்தால்தான் அவர்மீது குற்றம் சாட்டலாம் என்ற நிபந்தனையும் அங்கேயே இருக்கிறது. அதிகாரியின் பிழையை அதிகாரியே கண்டுபிடித்துச் சொல்ல வேண்டுமாம், நல்ல ஏற்பாடு! தமிழகத்திலிருந்து சென்ற ஆறுமுகம் சேர்வை வழக்கில், 2011இல், இரட்டைக் குவளை முறையைக் கண்டித்த உச்ச நீதிமன்றம், கட்டப் பஞ்சாயத்து சட்டவிரோதம் என்றும், அதைத் தடுக்கத் தவறும் அதிகாரிகள்மீது நடவடிக்கை வேண்டும் என்றும் கூறியது. அரசு முத்திரையுடன் நடந்தால் மட்டும் அது கட்டப் பஞ்சாயத்து ஆகாது என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை.

இவற்றையெல்லாம் கடந்து வழக்கு நடந்தாலும், பிணை மனுவின்போது தன் தரப்பைச் சொல்லும் உரிமையைப் பாதிக்கப்பட்டவருக்கு 15ஏ பிரிவு வழங்கியிருக்க, பிணை குறித்த மேல்முறையீடு செல்லும் உயர் நீதிமன்றத்தில் வாதம் நடப்பதோ அவருக்குப் புரியாத ஆங்கிலத்தில். ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், பிகார் உயர் நீதிமன்றங்களில் இந்திக்கு இடமுண்டு. சென்னை உயர் நீதிமன்றத்தில் தமிழுக்கு இடம் கேட்டு 2006இல் சட்டமன்றம் நிறைவேற்றிய தீர்மானம் மட்டும் இன்னும் செயலுக்கு வரவில்லை. அரசியலமைப்பின் 348ஆம் பிரிவின்படி, குடியரசுத் தலைவரின் முன்னிசைவுடன் ஆளுநர் இதற்கு ஆணையிடலாம். முழு நீதிமன்றத்துக்கும் உடனே இயலாதென்றால், வன்கொடுமை வழக்குகளின் மேல்முறையீடுகளிலிருந்து தொடங்குவதற்கான இசைவையாவது தமிழக அரசு இந்த ஆண்டே கேட்டுப் பெற வேண்டும்.