நம் வீட்டு ஓலைக்கு நம் மொழியிற் பட்டியல் வேண்டும்!

சென்ற ஆண்டு தவளக்குப்பத்தில் எங்கள் தெருவிலிருந்த பழைய ஓட்டு வீடொன்றை இடித்தனர். பரணிலிருந்து இறங்கிய பெட்டியில் கணக்கோலைகளும், பிரெஞ்சு அரசின் பொறி பதித்த நில ஆவணங்களும், சைகோனிலிருந்து எழுதப்பட்ட மடல்களும் இருந்தன. தாள்களை எடைக்குப் போட்டனர், ஓலைகளை அடுப்பிலிட்டனர். செய்தியறிந்து நான் ஓடியபோது எஞ்சியவை நான்கே ஓலைகள். அவற்றுள் ஒன்றில், ஏரி மடைநீரை எவர் எந்நாள் பாய்ச்சுவது என்னும் முறை எழுதப்பட்டுள்ளது. அதன் முன்னோலையும் இல்லை, பின்னோலையும் இல்லை. அவ்வீட்டாரை நான் குறைகூறேன். தம்மிடமிருப்பது இன்னதென்று அவர்களுக்கு யார் சொன்னார்? அத்தெருவிலேயே வாழ்ந்து தமிழ் கற்பிக்கும் நானன்றோ முதற் குற்றவாளி!

தமிழன்பர்களே! இஃது ஒரு வீட்டுக் கதையன்று. புதுவை ஆனந்தரங்கர் 1736 முதல் 1761 வரை தமிழில் எழுதிவைத்த நாட்குறிப்பு, அவர் மறைந்தபின் 85 ஆண்டுகள் வீட்டுக்குள்ளேயே கிடந்தது. 1846-இல் அதனைக் கண்டு வெளிக்கொணர்ந்தவர் கலுவா மோன்பிரன் என்னும் பிரெஞ்சியர். 1904-க்கும் 1928-க்கும் இடையில் 12 மடலங்களாக ஆங்கிலத்தில் வந்து முடிந்த பின்னரே, 1948-இல் அது தமிழில் அச்சேறத் தொடங்கிற்று. தமிழன் தமிழில் எழுதியதைத் தமிழன் படிக்க, ஆங்கிலனுக்குப் பின்னால் வரிசையில் நிற்க வேண்டியிருந்தது!

கோட்டையூர் ரோசா முத்தையா வாழ்நாளெல்லாம் திரட்டிய நூற்றொகுதி, 1992-இல் அவர் மறைந்தபின் எவர் பொருளால் காக்கப்பட்டது? சிக்காகோப் பல்கலைக்கழகத்தின் பொருளால். 1994-இல் அது சென்னையில் ஆய்வு நூலகமாயிற்று. நம் சிற்றூர்களில் 1870 முதல் 1940 வரை ஊர்மன்றங்கள் எழுதிய வழக்குத் தீர்ப்புகளைத் தேடிப் படியெடுத்தவர் யார்? புதுவைப் பிரெஞ்சு நிறுவனத்தார்; பொருளுதவியது பிரித்தானிய நூலகம். அவர்கள் செய்தமைக்கு நன்றி; நாம் செய்யாமைக்கு நாணம்!

தில்லி செய்கிறதே என்பீர்கள். 2003-இல் அது சுவடி இயக்கம் ஒன்றைத் தொடங்கிற்று. 2025-ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டத்தில், ஒரு கோடிக்கு மேற்பட்ட சுவடிகளைப் பதிவதற்கென 'ஞானபாரதம்' என்று அறிவித்தது. தமிழ்ச் சுவடியைக் காக்க வருவதற்கும் வடசொற் போர்வை போர்த்துத்தான் வரவேண்டுமா? பெயரை விடுங்கள், 2003-இன் வரையறையைப் பாருங்கள். கையால் எழுதப்பட்டு 75 ஆண்டேனும் ஆகியிருந்தால்தான் அது சுவடி. அச்சிட்டது சுவடியன்று; வருவாய்க் கணக்கும் சுவடியன்று. அவ்வாறாயின் கணக்கோலை வெளியே. சைகோன் மடல்களிற் பிந்தியவை வெளியே. 1965 மொழிப்போரில் நம் இளைஞர் கைகளிலிருந்த அச்சுத் துண்டறிக்கை, அச்சினாலும் வெளியே, அகவையாலும் வெளியே! தில்லி ஆவணக் காப்பகம் தனியார் ஆவணப் பதிவேடுகளை வெளியிட்டதும் உண்டு, ஆங்கிலத்தில்! தவளக்குப்பத்து உழவனுக்கு அதனாற் பயனென்ன?

அனைத்தையும் ஓரிடத்திற் குவித்துவிடலாமே என்பாரும் உளர். 1981-இல் யாழ்ப்பாண நூலகத்தை எரித்தனர்; ஏறத்தாழ 97,000 நூல்களும் ஓலைச்சுவடிகளும் ஓரிரவில் வெந்தன. ஓரிடத்திற் குவித்தது ஒரே தீயிற் போகும். அப்பாடத்தைக் கற்றவர்கள் ஈழத்தமிழரே. 2005 முதல் 'நூலகம்' என்னும் பெயரிலேயே அவர்கள் மின்படிகளைத் திரட்டி உலகெங்கும் படிக்க வைத்துள்ளனர்.

எனவே நாம் கேட்பது கிடங்கன்று, பட்டியல். இங்கிலாந்தில் 1945-இலேயே இதற்கெனப் பதிவேடு தொடங்கினர். ஆவணம் உரியவர் வீட்டிலேயே இருக்கும். எவ்வூரில் எவ்வகை ஆவணம் உளதென்பது பதிவேட்டில் இருக்கும். தமிழ்நாடும் புதுவையும் ஈழமும் மலேசியாவும் சிங்கப்பூரும் இணைந்த ஒரே தரவுத்தளம் நமக்கு வேண்டும். அது தமிழில் இருத்தல் வேண்டும். அதன் படி ஐந்து நாடுகளில் இருத்தல் வேண்டும். கணக்கோலை முதல் துண்டறிக்கை வரை அனைத்தும் அதில் ஏறவேண்டும்.

"நில ஆவணத்தைக் காட்டினால் வழக்கு வருமே" என்று வீட்டார் அஞ்சுவர். அவ்வச்சம் முறையானதே. எதனைக் காட்டுவது, எதனை மறைப்பது, தம் பெயர் வெளிவரலாமா என்பவற்றை உரியவரே முடிவு செய்யட்டும். ஆவணத்தின் வகையும் காலமும் பதிவானாற்கூட, அதை அழிக்கும் கை ஒரு நொடி தயங்கும்.

அரசு முன்வரட்டுமென்று காத்திருக்க வேண்டா. ஓர் ஆசிரியர், பத்து மாணவர், ஒரு குறிப்பேடு, ஓர் ஊர்: இவை போதும், தொடங்குவதற்கு. மேடையில் மூவாயிரமாண்டுப் பழமை பேசும் நாம், முப்பாட்டன் கையெழுத்தை அடுப்பிலிட்டால் எவன் நம்மை மதிப்பான்?

என் குறிப்பேட்டின் முதல் வரியில் அந்நான்கு ஓலைகளை எழுதிவிட்டேன். இரண்டாம் வரி உங்கள் பரணிலிருந்து வரட்டும்!