எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது!



மாக் மண்டினில் எங்கள் வீட்டில் ஒரு வழக்கு வெகு நாளாகத் தீராமல் கிடந்தது. 1988 ஜூலை 31, ஞாயிற்றுக்கிழமை. பட்டர்வொர்த் பெரித்துறையில் கூட்டம் நிறைந்திருந்த நடைமேடை இடிந்து விழுந்து 32 பேர் மாண்டார்களே, 1,600 பேருக்கு மேல் காயம்பட்டார்களே, அந்தச் சேதி எங்களுக்கு எப்படித் தெரிந்தது?

வீட்டில் வானொலியில் கேட்டோம் என்பேன் நான். "ஏங்க, கோயில் வாசல்ல எங்க அண்ணன்தானே வந்து சொன்னாரு!" என்பாள் வீட்டுக்காரி. அன்று கட்டியிருந்த சேலையின் நிறம்கூட அவளுக்கு ஞாபகமாம்.

அண்மையில் அக்கா வீட்டு டிரங்குப் பெட்டியில், அந்த வாரம் நான் அவருக்கு எழுதிய கடிதம் கிடைத்தது. பஸ்ஸில் வரும்போது யாரோ ஒரு பயணி சொல்லித் தெரிந்துகொண்டோம் என்று என் கையெழுத்திலேயே இருக்கிறது! வானொலியும் போச்சு, அண்ணனும் போனார்.

எங்களுக்கு மட்டும் வந்த கோளாறு அல்ல இது. 1986 ஜனவரியில் அமெரிக்காவின் சாலஞ்சர் விண்கலம் வெடித்த மறுநாள், சேதி எப்படித் தெரிந்தது என்று மாணவர்களிடம் எழுதி வாங்கினார் உல்ரிக் நைசர் என்ற மனநூல் அறிஞர். இரண்டரை ஆண்டு கழித்து அவர்களில் 44 பேரை மீண்டும் கேட்டார். 11 பேர் அத்தனையும் தப்பாகச் சொன்னார்கள். பழைய தாளைக் காட்டியும் பழைய நினைவு திரும்பவில்லை.

பஸ்ஸோ வானொலியோ, அதனால் யாருக்கும் நட்டமில்லை. ஆனால் நாம் கேட்கும் கேள்வியே பிறர் ஞாபகத்தை மாற்றிவிடும் என்பதுதான் பயங்கரம். 1974-ல் எலிசபெத் லாஃப்டஸ் என்ற அம்மையார் கார் விபத்துப் படம் ஒன்றைக் காட்டினார். சிலரிடம் "கார்கள் இடித்தபோது என்ன வேகம்?" என்றும், சிலரிடம் "நொறுங்க மோதியபோது என்ன வேகம்?" என்றும் கேட்டார். ஒரு வாரம் கழித்து, கண்ணாடி உடைந்ததைப் பார்த்தீர்களா என்ற கேள்வி. 'இடித்த' கூட்டத்தில் 50-க்கு 7 பேர் ஆமாம் என்றார்கள். 'நொறுங்க'வில் 50-க்கு 16 பேர். படத்தில் கண்ணாடி உடையவே இல்லை!

இதைப் படித்தபோது எனக்கு நெஞ்சு சுருக்கென்றது. தோட்டத்தில் இருந்த காலத்தில் எங்கள் வீட்டில் கூட்டுப் பணம் காணாமல் போயிற்று. பக்கத்து லயத்துச் சிறுமியிடம், "அவன்தானே கதவண்டை நின்னான்?" என்று ஒரு பையனின் பெயரைச் சொல்லிக் கேட்டேன். அவளும் ஆமாம் என்றாள். "யாரையாவது பார்த்தியாம்மா?" என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. லயம் முழுக்க அவனைத் திருடன் என்றது.

மூன்றாம் நாள் பணம் அரிசி டின்னுக்குள் கிடைத்தது. வைத்தவன் நானே. இப்போதெல்லாம் பணம் கைமாறினால் உடனே நோட்டில் தேதியோடு எழுதிவிடுகிறேன்.

அந்தப் பையன் அதன்பின் எங்கள் வாசலை மிதிக்கவில்லை. இப்போது பிறையில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறானாம். பஸ்ஸில் போனால் கொஞ்ச நேரம்தான். நான் இன்னும் போகவில்லை.