தறி காத்திருக்காது: நாடு கடந்த வரித் தகராறுகள் குறித்து எங்கள் சங்கத்தின் நிலைப்பாடு

சத்திரப்பட்டியில் நெய்த பேண்டேஜ் துணி ஹாம்பர்க் துறைமுகத்தில் இறங்குகிறது. அந்த ஆர்டரைப் பிடித்துக் கொடுத்த ஏஜென்ட் அங்கேயே குடியிருப்பவர். இந்தியாவில் அவருக்கு அலுவலகமும் இல்லை, ஆளும் இல்லை. அவருக்கு நாம் அனுப்பும் கமிஷனுக்கு இந்தியாவில் வரி உண்டா? வ. புதுப்பட்டி, ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்தில் ஏற்றுமதி செய்யும் சிறு தொழில்காரர்களின் சங்கம் இந்த அறிக்கையை வெளியிடக் காரணம் இந்தக் கேள்விதான். வரி இல்லை என்பதே எங்கள் கருத்து. மத்திய நேரடி வரிகள் வாரியமும் 1969-இல் ஒரு சுற்றறிக்கையிலும் 2000-இல் இன்னொன்றிலும் அதையேதான் சொல்லியிருந்தது. 2009 அக்டோபரில் வாரியம் அந்தச் சுற்றறிக்கைகளைத் திரும்பப் பெற்றது. சட்டம் மாறவில்லை, விளக்கம் மட்டும் போய்விட்டது. மறு ஆண்டே உச்ச நீதிமன்றம், இந்தியாவில் வரி விதிக்கத்தக்க தொகைக்கு மட்டுமே டி.டி.எஸ். பிடிக்க வேண்டும் என்று தெளிவாகச் சொன்னது. அப்படியும் கமிஷன் என்பது தொழில்நுட்பச் சேவைக் கட்டணம்தானே என்று கேட்டு நோட்டீஸ்கள் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இரண்டு கோடி ரூபாய்க்குத் துணி அனுப்பி, நான்கு சதவீதக் கமிஷனாக 8 லட்சம் கொடுத்திருக்கிறார் ஒருவர். டி.டி.எஸ். பிடிக்கவில்லை என்று அதிகாரி முடிவெடுத்தால் அந்த 8 லட்சத்தையும் செலவாக ஏற்கமாட்டார். அது வருமானத்தில் சேர்ந்து, கூட்டு நிறுவனமாக இருந்தால் 30 சதவீத வரியும் செஸ்ஸும் விழும். பிடிக்காமல் விட்ட டி.டி.எஸ். தனி. வெளிநாட்டவருக்கான தொழில்நுட்பச் சேவைக் கட்டணத்துக்கு 2023 முதல் விகிதம் 20 சதவீதம். இரண்டையும் கூட்டினால் நாலு லட்சத்தைத் தாண்டுகிறது. மாதத்துக்கு மாதம் வட்டியும் ஏறும். பேண்டேஜ் துணியில் கிடைக்கும் லாபத்தை அறிந்தவர்களுக்கு இந்தத் தொகை என்ன செய்யும் என்று விளக்க வேண்டியதில்லை. அப்பீல் போகலாம். ஆனால் வசூலை நிறுத்திவைக்கப் பொதுவாக டிமாண்டில் ஒரு பகுதியைக் கட்டியாக வேண்டும். அதன் பிறகு வருடக்கணக்கில் காத்திருப்பு.

பெரிய கம்பெனிகளுக்கு இந்தக் காத்திருப்பு எப்படி முடிகிறது என்பதைத் தமிழ்நாடு ஒருமுறை கண்ணால் பார்த்தது. ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் உற்பத்தி தொடங்கிய நோக்கியா ஆலையில் நேரடியாக மட்டும் சுமார் 8,000 பேர் வேலை பார்த்தார்கள். பல மாவட்டங்களிலிருந்து போன இளம்பெண்கள் அவர்களில் ஏராளம். போனில் ஏற்றும் மென்பொருளுக்காக இந்திய நிறுவனம் பின்லாந்துத் தாய் நிறுவனத்துக்குக் கொடுத்த பணம் ராயல்டி, அதற்கு டி.டி.எஸ். பிடித்திருக்க வேண்டும் என்றது வருமான வரித் துறை. 2013 ஜனவரியில் ஆலையில் சோதனை நடந்தது. அடுத்துச் சுமார் 2,000 கோடி ரூபாய்க்கு டிமாண்ட் வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் நோக்கியா தன் கைப்பேசித் தொழிலை மைக்ரோசாஃப்டுக்கு விற்பதாக அறிவித்த பிறகு சென்னை ஆலையின் சொத்துகள் முடக்கப்பட்டன. விடுவிக்க நீதிமன்றங்கள் விதித்த உத்தரவாத நிபந்தனைகளை நோக்கியா ஏற்கவில்லை. இதற்கிடையில் மாநில வணிகவரித் துறையும் சுமார் 2,400 கோடிக்குத் தனியாக ஒரு டிமாண்ட் அனுப்பியது. 2014 ஏப்ரலில் விற்பனை முடிந்தபோது சென்னை ஆலை மட்டும் ஒப்பந்தத்துக்கு வெளியே நின்றது. மைக்ரோசாஃப்ட் ஆர்டரை நிறுத்தியது. 2014 நவம்பர் 1-ஆம் தேதி உற்பத்தி நின்றுபோனது.

பேசித் தீர்க்க வழி அப்போதே இருந்தது. இந்தியாவுக்கும் பின்லாந்துக்கும் இடையிலான இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தத்தில் பரஸ்பர உடன்பாட்டு நடைமுறை என்று ஒரு பிரிவு உண்டு. இரு நாட்டு வரி அதிகாரிகளும் நேரில் உட்கார்ந்து, யாருக்கு எவ்வளவு என்று பேசி முடிப்பது அது. அந்த வழியில்தான் வழக்கு தீர்ந்தது. ஆனால் தீர்ந்தது 2018-இல். சுமார் 1,600 கோடி ரூபாய் கட்டி நோக்கியா வெளியே வந்தது. அந்த ஆலையை சால்காம்ப் என்ற நிறுவனம் எடுத்துக்கொள்ளும் என்ற அறிவிப்பு 2019 நவம்பரில் வந்தது. நடுவில் கழிந்த ஐந்து வருடத்தில் விருப்ப ஓய்வுத் தொகையை வாங்கிக்கொண்டு ஊர் திரும்பியவர்களை எந்த நடைமுறையும் திரும்பக் கூப்பிடவில்லை.

கைப்பேசிச் சந்தையில் நோக்கியா ஏற்கெனவே சரிந்துகொண்டிருந்தது. ஆலை மூடியதற்கு வரி மட்டுமே காரணம் என்று சொல்வது நியாயமாகாது. துறையின் கேள்வியே தவறு என்றும் நாங்கள் சொல்லவில்லை. மென்பொருள் பிரதியை விற்பதற்காக வெளிநாட்டு நிறுவனத்துக்குக் கொடுக்கும் பணம் ராயல்டி ஆகாது என்று உச்ச நீதிமன்றம் 2021 மார்ச் 2-ஆம் தேதி தீர்ப்பளித்தது. அதுவரை இது நேர்மையாகவே இரண்டு பக்கமும் வாதாடக்கூடிய கேள்விதான். வெளிநாட்டுக் கம்பெனி இங்கே சம்பாதித்ததற்கு இங்கே வரி கட்டத்தான் வேண்டும். அதில் எங்களுக்கு இரண்டு கருத்து இல்லை. எங்கள் வருத்தமெல்லாம் வரிசை மாறிப்போனதில்தான். முதலில் நடந்திருக்க வேண்டிய பேச்சு கடைசியில் நடந்தது.

தகராறு வருமுன்பே தடுக்கவும் சட்டத்தில் வழி இருக்கிறது. வெளிநாட்டில் உள்ள தன் சொந்த நிறுவனத்தோடு என்ன விலைக்கு வியாபாரம் செய்வது என்று வரித் துறையோடு முன்கூட்டியே ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம். 2012-இல் வந்த ஏற்பாடு இது. வரும் ஐந்து ஆண்டுக்கும் போன நான்கு ஆண்டுக்குமாக ஒன்பது ஆண்டு நிம்மதி கிடைக்கும். 2024-25 நிதியாண்டில் மட்டும் 174 ஒப்பந்தங்கள் கையெழுத்தாயின. அந்த ஆண்டு முடிவில் மொத்தம் 815 ஆகியிருந்தது. நல்ல ஏற்பாடு, மனதாரப் பாராட்டுகிறோம். ஆனால் இதற்கான குறைந்தபட்சக் கட்டணம் 10 லட்சம் ரூபாய். நூறு கோடி வரை வியாபாரம் செய்பவருக்கும் அதே பத்து லட்சம், ஒரு கோடி செய்பவருக்கும் அதே பத்து லட்சம். இதைக் கவனிக்கும் ஆணையர் அலுவலகங்கள் டெல்லியிலும் மும்பையிலும் பெங்களூரிலும் இருக்கின்றன. இன்ன லாப விகிதம் காட்டினால் கேள்வி கேட்கமாட்டோம் என்கிற சேஃப் ஹார்பர் விதி 2013-இல் வந்தது. மென்பொருளுக்கும் வாகன உதிரிபாகத்துக்கும் அதில் இடம் உண்டு. நூலுக்கும் பேண்டேஜ் துணிக்கும் இல்லை.

இதெல்லாம் பெரிய மில்களின் கவலை, நமக்கென்ன என்று இருந்த காலம் போய்விட்டது. துபாயில் தம்பி பெயரிலோ மைத்துனர் பெயரிலோ ஒரு வணிக நிறுவனம் நடத்தும் குடும்பங்கள் நம் பக்கத்தில் உண்டு. முன்பு அங்கே கம்பெனி வரியே இல்லை. 2023 ஜூன் முதல் தொடங்கிய நிதியாண்டுகளுக்கு ஒரு வரம்புக்கு மேல் 9 சதவீதம் உண்டு. அதே சரக்கின் அதே லாபத்தை இப்போது இரண்டு நாடும் கேட்கக்கூடும். நம் பக்கம் விலை குறைவு என்று இங்கே கூட்டினால், அங்கே அதே அளவு குறைத்துத் தரச் சொல்லிக் கேட்டாக வேண்டும். கேட்காவிட்டால் ஒரே பணத்துக்கு இரட்டை வரி.

ஆகவே அரசிடம் நாங்கள் வைக்கும் கோரிக்கைகள் இவை. ஆண்டுக்குப் பத்துக் கோடிக்குள் வெளிநாட்டுப் பரிவர்த்தனை உள்ளவர்களுக்கு முன்கூட்டிய விலை ஒப்பந்தத்தின் கட்டணம் ஐம்பதாயிரத்தைத் தாண்டக் கூடாது. மனுவைச் சென்னையிலேயே பெற்று விசாரிக்க வேண்டும். நூல், துணி, தென்னைநார்ப் பொருள்களுக்கும் சேஃப் ஹார்பர் வேண்டும். வெளிநாட்டு ஏஜென்ட் கமிஷன் பற்றி 2009-இல் எடுத்துவிட்ட விளக்கத்தை, முறைகேட்டைத் தடுக்கும் நிபந்தனைகளோடு, மீண்டும் வெளியிட வேண்டும். இந்த ஒன்றைச் செய்தாலே எங்கள் வட்டாரத்தின் பெரும்பாலான வழக்குகள் பிறக்காது.

சிறு வரிதாரர்களுக்கென 2021-இல் வந்த தகராறு தீர்வுக் குழுவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். கணக்கில் காட்டிய வருமானம் 50 லட்சத்துக்குள், தகராறு 10 லட்சத்துக்குள் என்றால் இந்தக் குழுவிடம் போகலாம். எங்களுக்காகவே செய்தது போன்ற ஏற்பாடு. ஆனால் வெளிநாட்டோடு செய்த ஒப்பந்தத்தின்கீழ் வந்த தகவலை வைத்துப் போட்ட உத்தரவென்றால் அந்தக் கதவு மூடிவிடும். கறுப்புப் பணக்காரர்களைத் தடுக்கப் போட்ட விலக்கு இது என்பது எங்களுக்குப் புரிகிறது. ஹாம்பர்க்கிலிருந்து வந்த ஒரு கமிஷன் விவரத்துக்கும் ஒளித்துவைத்த வெளிநாட்டு வங்கிக் கணக்குக்கும் சட்டம் வித்தியாசம் பார்க்க வேண்டும்.

பரஸ்பர உடன்பாட்டு நடைமுறைக்கு மனுப் போட்டால், அது முடியும்வரை வசூல் தானாக நிற்க வேண்டும். அமெரிக்கா, பிரிட்டன் உள்ளிட்ட சில நாடுகளோடு மட்டும் இந்த ஏற்பாடு உண்டு. ஒப்பந்தம் உள்ள எல்லா நாட்டுக்கும் வேண்டும். இரு அரசும் ஒத்துவராவிட்டால் நடுவர் தீர்ப்புக்குக் கட்டுப்படும் முறையை இந்தியா ஏற்கவில்லை. இதில் நாங்கள் அரசின் பக்கம் நிற்கிறோம். முதலீட்டு ஒப்பந்தங்களின்கீழ் நடந்த வோடஃபோன், கெய்ர்ன் வழக்குகளில் 2020-இல் நடுவர்கள் இந்தியாவுக்கு எதிராகத் தீர்ப்பளித்ததும், பாரிஸில் இந்திய அரசின் சொத்துகள்மீது கெய்ர்ன் கைவைக்கும் அளவுக்கு அது போனதும் எல்லோருக்கும் தெரியும். ஒரு நாட்டின் வரி உரிமையை மூன்று தனியார் நடுவர்கள் தீர்மானிப்பதை நாங்கள் விரும்பவில்லை. ஆனால் நடுவர் வேண்டாம் என்று சொல்லும் அரசுக்குத் தானே விரைந்து முடிக்கும் கடமை கூடுகிறது. சராசரி 24 மாதம் என்பது உலக நாடுகள் ஒத்துக்கொண்ட இலக்கு. சராசரி போதாது, ஒவ்வொரு மனுவுக்கும் 24 மாதம் என்பதைச் சட்டத்தில் எழுத வேண்டும்.

எங்கள் உறுப்பினர்களுக்கும் சில வார்த்தை. பரஸ்பர உடன்பாட்டு நடைமுறைக்காக டெல்லிக்கு மனுப் போடக் கட்டணம் இல்லை. ஆனால் பெரும்பாலான ஒப்பந்தங்களில் மூன்று வருடக் கெடு உண்டு. தீர்ப்பாயம் உத்தரவு போட்டுவிட்டால் நம் அதிகாரிகள் அதிலிருந்து இறங்கிவரமாட்டார்கள். ஆகவே நோட்டீஸ் வந்த வாரமே ஆடிட்டரிடம் இந்த வழியைப் பற்றிக் கேளுங்கள். ஏஜென்ட்டோடு எழுத்தில் ஒப்பந்தம் இல்லாமல், அவர் நாட்டு வரி அலுவலகம் தந்த குடியிருப்புச் சான்று கைக்கு வராமல், ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். வாட்ஸ்ஆப்பில் பேசி முடித்த கமிஷனை எந்த அதிகாரி முன்னும் காப்பாற்ற முடியாது.

ஏஜென்ட் ஒப்பந்தத்துக்கான மாதிரி ஒன்றைத் தமிழில் தயாரித்துச் சங்க அலுவலகத்தில் வைத்திருக்கிறோம். நகல் எடுக்கப் பணம் வேண்டாம். 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு உரிய புதிய வருமான வரிச் சட்டத்தில் பிரிவு எண்களும் படிவ எண்களும் மாறியுள்ளன. பழைய எண்களில் எழுதிய ஒப்பந்தம் வைத்திருப்பவர்கள் அதை எடுத்துவந்து திருத்திக்கொள்ளலாம்.