ஏட்டுக் கணக்கும் வானக் கணக்கும்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது நம் முன்னோர் வாய்மொழி. உலகின் பெருவல்லரசு எனத் தன்னைத்தானே மெச்சிக்கொள்ளும் அமெரிக்கா, ஆண்டுதோறும் உலகத்தார்க்குப் படைத்துவந்த எரிவளிக் கசிவுக் கணக்கு அத்தகைய சுரைக்காயே!

மீத்தேன் என மேலையர் பெயரிட்ட வளியை நம் உழவர் அறியாதவர் அல்லர். சேற்று நிலங்களில் இரவில் தோன்றி மறையும் ஒளியைக் கொள்ளிவாய்ப் பேய் என்றனர். அந்நிலங்களில் ஊறும் வளியே அதன் கரணியம் என அறிவியல் பின்னர் விளக்கியது. ஆதலின் அதனைக் கொள்ளிவளி என்பதே பொருந்தும். நிலக்கரிச் சுரங்கத்திலும் கன்னெய்க் கிணற்றிலும் எரிவளிக் குழாயிலும் கசிவது இதுவே. எரிந்தால் அடுப்பிற்கு உதவும். எரியாமல் கசிந்தால் உலகையே சூடேற்றும். இருபது ஆண்டுக் கால அளவில், எடைக்கு எடை, கரியமில வளியைவிட எண்பது மடங்கு வெப்பத்தைத் தேக்க வல்லது. ஆனால் ஏறத்தாழ 12 ஆண்டுகளில் சிதைந்துவிடும். எனவே, இன்று கசிவை அடைத்தால் நம் வாழ்நாளிலேயே பயன் காணலாம்.

அமெரிக்க அரசின் ஏடு கூறுவது என்ன? 1990ஆம் ஆண்டை நோக்க, நிலக்கரிச் சுரங்கக் கசிவு பாதிக்கும் கீழாகிவிட்டது. கன்னெய், எரிவளித் துறைகளின் கசிவும் இறங்குமுகமே என்கிறது. முற்பாதி பெரும்பாலும் மெய். 2008இல் உச்சந்தொட்ட நிலக்கரி எடுப்பு, 2023இல் அதன் பாதிக்கும் கீழே வீழ்ந்தது. தோண்டுவது குறைந்தால் கசிவதும் குறையும். பிற்பாதியோ? 1990க்கும் 2023க்கும் இடையில் அந்நாடு எடுக்கும் எரிவளி இருமடங்கிற்கு மேலாயிற்று. எடுப்பு இரட்டித்தும் ஒழுக்குக் குறைந்ததாம்! எங்ஙனம் அறிந்தனர்? அளந்தனரா?

இல்லை, பெரும்பகுதியைக் கணித்தனர். ஒரு கருவிக்கு இவ்வளவு கசியும் என நிரவல் அளவொன்றைக் குறித்துக்கொண்டு, கருவிகளின் எண்ணிக்கையால் பெருக்கினர். அவ்வளவுகளுள் பல, அரசும் எரிவளித் தொழிலாரும் சேர்ந்து 1996இல் வெளியிட்ட ஆய்வில் பிறந்தவை. பின்னர்ப் பல திருத்தப்பட்டன. பெருக்கிப் பார்க்கும் முறைமை மாறவில்லை. குடத்திற்கு இத்தனை துளி ஒழுகும் என ஊர்க் குடங்களை எண்ணிக் கணக்கெழுதிவிட்டு, ஏரிக்கரை உடைந்ததைக் காணாது போன கணக்கனின் வேலை இது.

கரை உடைந்ததுண்டா? உண்டு. 2015 அக்டோபரில் இலாசு ஏஞ்சலிசு நகரோரம், அலிசோ கேன்யன் எரிவளிக் கிடங்கின் ஒரே ஒரு கிணறு வெடித்துக் கசியத் தொடங்கிற்று. 2016 பிப்பிரவரியில் அடைப்பதற்குள் ஏறத்தாழ ஓர் இலக்கம் தொன் கொள்ளிவளி வானேறிற்று. ஆயிரக்கணக்கான குடும்பங்கள் வீட்டை விட்டு வெளியேறின. அவ்வுடைப்பு ஊரறிந்தது, ஆதலின் ஏட்டிலும் ஏறிற்று. ஊரறியாத உடைப்புகளை எந்த ஏடு எழுதும்?

ஆய்வாளர் அவற்றை அளந்து பார்த்தனர். 2018இல் வெளிவந்த ஆய்வு, 2015ஆம் ஆண்டின் கசிவு 1 கோடியே 30 இலக்கம் தொன் என்றது. எடுத்த எரிவளியில் 2.3 விழுக்காடு, அரசின் கணக்கைவிட ஏறத்தாழ 60 விழுக்காடு மிகுதி! 2024இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு, ஆறு வயல்களின் மேல் வானூர்திகள் எடுத்த ஏறத்தாழப் பத்து இலக்கம் அளவீடுகளை ஆராய்ந்து, அங்குள்ள கசிவு அரசுக் கணக்கைப்போல் மும்மடங்கு என்றது. பெரும்பாலான அளப்புகளில், நூற்றுக்கு இரண்டிற்கும் குறைவான கிணற்றிடங்களே கிணற்றுக் கசிவில் பாதிக்கு மேல் உமிழ்ந்தன. நிரவல் கணக்கு நழுவவிடுவது இவற்றையே.

நிலக்கரியை விட்டு எரிவளிக்கு மாறினோம். தூய்மையுற்றோம் என்னும் பெருமையின் நிலை என்ன? அந்த 2018ஆம் ஆண்டு ஆய்வின்படி, இருபது ஆண்டுக் கணக்கில், கசிந்த வளி செய்யும் கேடு எரிந்த வளி செய்யும் கேட்டிற்கு ஏறத்தாழ நிகர்!

2022இல் மிகைக் கசிவிற்குத் தொன்னுக்கு 900 தாலரில் தொடங்கும் தண்டக் கட்டணத்தைச் சட்டமாக்கினர். 2025 மார்ச்சில் அதன் நடைமுறை நெறிகளை நீக்கினர். அதே ஆண்டு சூலையில் கட்டணத்தையே 2034க்குத் தள்ளிவைத்தனர். ஆண்டுதோறும் உலக மன்றத்திற்கு விடுக்கும் கணக்கையும் 2025இல் உரிய நாளில் விடுக்கவில்லை. முதலில் குறைத்தெழுதினர், பின்னர் ஏட்டையே மூடினர்!

அமெரிக்கக் கதை நமக்கெதற்கு எனின், நம் காவிரிப் படுகையும் எரிவளிக் கிணறுகள் உள்ள மண் என்பதை மறவாதீர்! 2010இல் மன்னார்குடிப் பகுதியில் நிலக்கரிப் படுகையினின்று கொள்ளிவளி எடுக்கப் போட்ட ஒப்பந்தத்தை உழவர் எழுச்சியே தடுத்தது. 2020இல் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டமும் வந்தது. ஆனால் முன்னரே இயங்கிய கிணறுகளை அச்சட்டம் தொடவில்லை. அவற்றின் கசிவையேனும் கணக்கால் மூடாமல், கருவியால் அளந்து, கிணறு கிணறாக, அவ்வூர் மக்களுக்குத் தமிழில் அறிவிக்க வேண்டும். பெருவல்லரசே பெருக்கல் கணக்கால் உலகை ஏய்த்தபின், வெறும் ஏட்டை நம்பி நாம் வாளாவிருப்பதோ?

அளந்து காட்டு என்று கேட்போம்! அளக்காதவன் சொல்லும் கணக்கை ஏலோம்!